தண்ணீர் குடித்த சுவர்

ஓர் அறைக்காகத்தான் அந்த வீடு மொத்தமும் கட்டப்பட்டது. மற்ற அறைகளெல்லாம் அதற்குத் துணைக்கு வந்தவை.

அந்த அறையில் படுக்கப்போகிறவன் சிஸ்டரம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வருடம் மாவு மில்லில் மூட்டை கட்டியவன். மாவு பார்க்க வெள்ளை வெளேரென்று சாதுவாகத்தான் இருக்கும்; நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எழுந்திருக்காது. ஐம்பத்தைந்து வயதில் பத்தடி நடந்தால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். போதாக்குறைக்கு அவர்கள் இருந்த வாடகை வீட்டில் மழை வந்தால் சுவர் வியர்க்கும். வியர்த்த இடத்தில் கறுப்பாகப் பூஞ்சை படரும். அது படர்ந்த வாரம் தம்பி ஆஸ்பத்திரியில் இருப்பான். ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை. மூன்றாவது முறை டாக்டர் சீட்டு எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"முதல்ல அந்த ஈரச் சுவரை விட்டு வெளிய வாங்க. இன்னொரு தடவை அவர் நெஞ்சு தாங்காது."

சிஸ்டரம்மா உண்மையில் சிஸ்டர் இல்லை. முப்பத்தொரு வருடம் வார்டில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பு மாற்றிய உதவியாள். வெள்ளைச் சேலையைப் பார்த்து யாரோ அப்படிக் கூப்பிட, அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஓய்வு பெற்றதும் சரிவில் ஒரு மனை வாங்கினாள். தெருவிலிருந்து ஒரு படிகூட இல்லாமல் சக்கர நாற்காலி நேராகத் தம்பியின் அறைக்குள் உருண்டு போகும். அதற்குத்தான் அந்த மனை. ஆனால் அறையின் பின்சுவரும் இடப்பக்கச் சுவரும் மேட்டு மண்ணுக்குள் போகும். வெளியே தலைக்கு மேல் மண், உள்ளே தம்பியின் கட்டில்.

"மழை பேஞ்சா மேட்டுத் தண்ணியெல்லாம் வந்து அந்தச் சுவர்மேல சாஞ்சுக்கிட்டு நிக்கும் சிஸ்டரம்மா" என்றார் மேஸ்திரி. "வெளிப்பக்கம் தார் பூசித்தான் மண்ணைத் தள்ளணும். தாருக்கு முன்னாடி சுவரைத் தயார் பண்ண ஒரு ஆள் இருக்கு. சுரண்டின்னு பேரு."

"பேரே சரியில்லையே."

"ஆளு சரியா இருக்கும். ஒரு தடவ மண்ணைப் போட்டுட்டா அப்புறம் அந்தச் சுவரு யாரு கண்ணுலயும் படாது. உள்ள ஈரம் வந்தா வீட்டைத் தூக்கிப் பாக்க முடியுமா? அதனாலதான் சொல்றேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திடகாத்திரமான ஓர் ஆள் வருவான் என்று சிஸ்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது ஒல்லியாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் கித்தான் பை. அதற்குள் மூன்று உளி, ஒரு சுரண்டுத் தகடு, கையடக்கச் சுத்தியல், கம்பிப் பிரஷ், சாக்கட்டி, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிப்பார்களே அந்தக் குப்பி ஒன்று. வலது கட்டை விரலில் நகம் இல்லை. வந்தவள் வணக்கம் சொன்னாள், செருப்பைக் கழற்றி ஷூ மாட்டிக்கொண்டாள், சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே இருந்த இரண்டரை அடி அகலப் பள்ளத்தில் இறங்கினாள். இறங்கியதும் சுவரைப் பார்க்கவில்லை. முதுகுப்பக்க மண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"மேஸ்திரி, இந்த மூலையில மண்ணு தொங்குது. அதைச் சரிச்சு விடுங்க. என்னைப் பொதைக்கவா கூப்பிட்டீங்க?"

மண்ணைச் சரித்த பிறகுதான் சுவருக்குத் திரும்பினாள்.

சிஸ்டரம்மாவின் கண்ணுக்கு அது நல்ல சுவர். கான்கிரீட் போட்டு, பலகை பிரித்து, மூன்று வாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்த சுவர். சுரண்டி அதை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே, ஒரு சாண்கூட விடாமல். கை நின்ற இடத்தில் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினாள். சில இடத்தில் சத்தம் கெட்டியாக வந்தது. சில இடத்தில் காலி டப்பாவைத் தட்டியதுபோல் வந்தது. அங்கெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டாள். மதியத்துக்குள் ஐம்பத்தேழு வட்டம்.

"என்னக்கா, சுவருக்கு அம்மை போட்ட மாதிரி ஆக்கிட்டீங்க!" என்று மேஸ்திரி மேலே நின்று தலையில் கை வைத்தார்.

"அம்மை உங்க சுவருக்கு. வட்டம் மட்டும்தான் என்னோடது."

ஒரு வட்டத்தை உளியால் கொத்தினாள். மேலே கால் அங்குலம் சிமெண்ட் பால், அதற்குள் ஜல்லி மட்டும், ஜல்லிக்கு நடுவே பொந்து. பென்சிலை விட்டால் பாதி உள்ளே போயிற்று. சிஸ்டரம்மா மூக்கின்மேல் விரலை வைத்தாள். மேலே தோல் நன்றாக இருக்க, அடியில் புண் குழிபறித்திருப்பதை அவள் எத்தனையோ முதுகுகளில் பார்த்திருக்கிறாள். அதை விரலால் தடவிக் கண்டுபிடிக்க அவளுக்கே நாலைந்து வருடம் ஆனது. இந்தப் பெண் கல்லில் அல்லவா கண்டுபிடிக்கிறாள்!

அதற்குப் பிறகு சிஸ்டரம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு காலிச் சிமெண்ட் மூட்டையை விரித்துப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பலகையைக் கட்டிய கம்பிகளின் முனை சுவரில் ஆங்காங்கே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அதைச் சுவரோடு சுவராக வெட்டிவிட்டுப் போவார்கள். சுரண்டி ஒவ்வொரு முனையைச் சுற்றியும் ஒரு அங்குலம் குழி தோண்டி, குழிக்குள்ளே கம்பியை வெட்டி, குழியை அடைத்தாள். கம்பி துருப்பிடித்தால் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே நடந்து வருமாம். பலகை இடுக்கில் வழிந்து நின்ற சிமெண்ட் விளிம்புகளைச் சீவினாள். கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பலகையில் பூசியிருந்த எண்ணெயின் கறையை, அடியில் புது நிறம் தெரியும்வரை சுரண்டினாள். கடைசியில் சுவரும் அடித்தளமும் சேரும் மூலைக்கு வந்தாள். அங்கே கலவையை வைத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலை அழுத்தி இழுத்தாள். கூர்மையான மூலை வளைந்த மூலை ஆனது.

"இது எதுக்கு?" என்று சிஸ்டரம்மா கேட்டாள்.

"மூலை கூரா இருந்தா தார் அங்க மடங்கி நிக்கும். மடங்கின இடம்தான் முதல்ல கிழியும். உங்க சேலை எங்க கிழியும், சொல்லுங்க?"

"மடிப்புல."

"அதேதான்."

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் ஒரே சாக்கில் உட்கார்ந்தார்கள். சுரண்டியின் டப்பாவில் கத்திரிக்காய் பொரியல் தனியே, சோறு தனியே, நேர்த்தியாக இருந்தது. கணவர் ஒரு விடுதியில் சமையல்காரராம். "நான் சமைச்சா அவரு சாப்பிட மாட்டாரு. அவரு சுரண்டினா நான் பாக்க மாட்டேன். அதனால சண்டை இல்ல."

"எங்க கத்துக்கிட்ட இந்த வேலைய?"

"கப்பல்ல. பதினாறு வயசுல சேந்தேன். கரையேத்தின கப்பலோட வயித்தைச் சுரண்டுறது. கயித்துல பலகை கட்டித் தொங்க விடுவாங்க. சிப்பி, பாசி, துரு, பழைய பெயிண்ட் எல்லாம் போயி இரும்பு பளபளன்னு வரணும். அப்புறம்தான் பெயிண்ட்."

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஒரு தடவ ஒரு உள்ளங்கை அளவு விட்டுட்டோம். சாயங்காலம் ஆயிடுச்சு, பலகைய நகர்த்தச் சோம்பல். அதுமேலயே பெயிண்ட் அடிச்சாச்சு. அடுத்த வருஷம் அதே கப்பல் வந்துது. எங்க சூப்பர்வைசர் ஒரு வார்த்த திட்டல. இருபது பேரையும் வரிசையா நிக்க வச்சாரு. அந்த இடத்துல இரும்பு அப்பளமா இருந்துது. ஒவ்வொருத்தரா வந்து ஓட்டைக்குள்ள விரலை விடுங்கன்னாரு." சுரண்டி ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். "அன்னிக்கு விட்ட விரலு, சிஸ்டரம்மா. இன்னும் வெளிய வரல."

சிஸ்டரம்மா அந்த விரலையே பார்த்தாள்.

"உன் வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குமே?"

சுரண்டி சிரித்துவிட்டாள். "நல்லா கேட்டீங்க. மழை பேஞ்சா மூணு எடத்துல பாத்திரம் வைக்கிறேன். வாடகை வீடு, மூணாவது மாடி. வெளிப்பக்கம் எனக்குக் கை எட்டல."

இரண்டு நாளில் குழியெல்லாம் அடைபட்டது. அடைத்த இடம் இறுக மூன்று நாள் விட வேண்டும், நான்காம் நாள் காலை தார், அதற்கடுத்த நாள் மண் தள்ளும் இயந்திரம் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார். அந்த இயந்திரத்தை விட்டால் மறுபடி பதினைந்து நாள் கழித்துத்தான் கிடைக்கும். அதற்குள் மழை வந்துவிடும் என்று வானத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சுரண்டி போய்விட்டாள். சிஸ்டரம்மா மட்டும் மறுநாள் காலையில் வந்து பார்த்தாள். பின்சுவரில், உள்ளே தம்பியின் கட்டில் வரப்போகும் இடத்துக்கு நேரே, சேறு தெறித்திருந்தது. யாரோ எண்ணெய்க் கையை ஊன்றிய தடம் வேறு. முப்பத்தொரு வருடம் அழுக்கைக் கண்டால் கை தானாக வாளியைத் தேடிய உடம்பு அது. எந்தப் புண்ணுக்கும் கட்டுப்போடும் முன் சுற்றிலும் சோப்புப் போட்டுக் கழுவு என்றுதான் அவளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தார்கள். அவளிடம் சுரண்டுத் தகடு இல்லை; துணி துவைக்கும் கட்டிச் சோப்பு இருந்தது. நார் பிரஷ் இருந்தது. பள்ளத்தில் இறங்கிப் பின்சுவரைத் தேய்த்துக் கழுவினாள். கட்டில் வரும் இடத்தை இரண்டு முறை. சுவர் பளிச்சென்று ஆனது. நம்மால் ஆன உபகாரம் என்று மனம் நிறைந்து வீட்டுக்குப் போனாள்.

நான்காம் நாள் காலை தார் டின்கள் வரிசையாக வந்து இறங்கின. மேஸ்திரி ஒரு டின்னைத் திறந்தே விட்டார். "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிச் சுரண்டி தண்ணீர்க் குப்பியோடு பள்ளத்தில் இறங்கினாள். இடப்பக்கச் சுவரில் தெளித்தாள். பட்ட துளி கறுத்து, விரிந்து, காணாமல் போயிற்று. பின்சுவரில் தெளித்தாள். துளி முத்து முத்தாக நின்றது. நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து, கீழே உருண்டது.

சிஸ்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, தண்ணியே ஒட்டல! தாரே வேண்டாம் போலருக்கே!"

சுரண்டி மறுபடி தெளித்தாள். மறுபடி உருண்டது.

"தண்ணி குடிக்காத சுவரு தாரையும் குடிக்காது சிஸ்டரம்மா. மேல போர்வை மாதிரி கிடக்கும். பின்னாடி மண்ணுல தண்ணி அழுத்தினா அப்படியே உரிஞ்சு வந்துடும். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ."

சிஸ்டரம்மா குனிந்து, உருண்டு விழுந்த துளிகளைப் பார்த்தாள்.

"பலகை எண்ணெய்தான்" என்றார் மேஸ்திரி. முகம் கடுத்துவிட்டது. "சரியா சுரண்டல நீங்க. உங்கள நம்பித்தானே இயந்திரத்துக்குச் சொன்னேன்? வயசாச்சுன்னா சொல்லிட வேண்டியதுதானே."

சுரண்டியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் நகமில்லாத கட்டை விரல் மட்டும் உள்ளங்கைக்குள் மடங்கியது. சிஸ்டரம்மா அதைப் பார்த்தாள்.

"எண்ணெய்னா பலகை மாதிரி பட்டை பட்டையா இருக்கும் மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டே சுரண்டி சுவர் நெடுகத் தண்ணீர் தெளித்துப் போனாள். துளி எங்கே நிற்கிறது, எங்கே மறைகிறது என்று சாக்கட்டியால் கோடு இழுத்தாள். கோடு நேராகப் போகவில்லை. வளைந்து வளைந்து, அரைவட்டம் அரைவட்டமாகப் போயிற்று. ஐந்தரை அடி உயரத்தில் முடிந்தது. அதற்கு மேலே சுவர் துளியை ஒழுங்காகக் குடித்தது.

"இது பலகை இல்ல. கை" என்றாள். "வலது கை. குள்ளமான ஆளு. ரொம்ப நல்லாத் தேய்ச்சிருக்காங்க. இந்த நடு எடத்துல ரெண்டு தடவ தேய்ச்சிருக்காங்க. ஏன்னுதான் தெரியல."

சிஸ்டரம்மா அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்தாள். சுவரில் தன்னுடைய கை, தன்னுடைய உயரம், தன்னுடைய தோள் சுற்றும் சுற்று எல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கிறது. கட்டில் வரும் இடத்தின்மேல் அவளுக்கிருந்த கவலைகூட அங்கே தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது.

"நான்தான்" என்றாள். "சோப்புப் போட்டுக் கழுவினேன். அழுக்கா இருந்துது."

மேஸ்திரி பொறுக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "சுவரைக் குளிப்பாட்டினீங்களா? பவுடர் போட்டு விடலையே?"

சுரண்டி சிரிக்கவில்லை. "எந்த சோப்பு?" என்று கேட்டாள்.

"துணி சோப்பு. கட்டி."

"எத்தனை கட்டி?"

"ரெண்டு. ரெண்டாவது பாதி மிச்சம்."

வார்டில் டாக்டர் நோயாளியிடம் என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய் என்று கேட்பதுபோலக் கேட்டாள். கோபமில்லை, குத்தலில்லை. சொன்ன பதிலை வாங்கி வைத்துக்கொண்டாள். "சிமெண்டுல சுண்ணாம்பு இருக்கு. சோப்பும் சுண்ணாம்பும் சேந்தா மெழுகு மாதிரி ஆயிடும். தண்ணியில கழுவினா போகாது. மேல் தோலையே எடுக்கணும்." பின்சுவரை ஒரு முறை நீளமாகப் பார்த்தாள். "பதினாலு அடி. இன்னிக்குப் பகல் முழுக்க, நாளைக்குக் காலையில கொஞ்சம்."

"நாளைக்கு மெஷின் வருதேக்கா" என்றார் மேஸ்திரி. அவர் பேச்சில் 'அக்கா' திரும்பி வந்துவிட்டது. "ரெண்டு பூச்சுக்கு நாலு பூச்சா தாரை அடிச்சு விட்டா?"

"நாலு போர்வை போத்தினா மட்டும் சுவரோட ஒட்டிக்குமா? மெஷினை நாளைக்கு இல்ல, மறுநாள் சாயங்காலம் வரச் சொல்லுங்க. காலைக் கையைப் பிடிங்க. நீங்க பேசினா கேப்பாங்க."

மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார்.

"எனக்கும் ஒரு பிரஷ் குடு" என்று சிஸ்டரம்மா பள்ளத்தில் இறங்கினாள்.

"சோப்பு இல்லாம வந்தா சரி."

மேஸ்திரியிடம் இருந்த தேய்க்கும் இயந்திரத்தை வாங்கிச் சுரண்டி முடுக்கப்போனபோது சிஸ்டரம்மா குறுக்கே கை வைத்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். "நில்லு. மூக்கை மூடு. சேலைத் தலைப்பு இல்ல, இந்த மாஸ்க். தண்ணி தெளிச்சுக்கிட்டேதான் தேய்க்கணும், தூசி பறக்கக் கூடாது. என் தம்பி மாவுல கெட்டான். நீ சிமெண்டுல கெடாத."

சுரண்டி மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டாள்.

ஒருத்தி தண்ணீர் தெளிக்க, ஒருத்தி தேய்த்தாள். ஒரு முழம் தேய்ப்பது, கழுவுவது, உலர விடுவது, அதற்குள் அடுத்த முழம். இயந்திரம் போகாத மூலையைச் சுரண்டி தகட்டால் எடுத்தாள். இடக்கையால் சுரண்டும்போது வலக்கை பின்னாலேயே தடவிக்கொண்டு வரும். எங்கே போதும், எங்கே இன்னும் வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்தது. சுவர் கரகரப்பாக, சோளத் தவிட்டு நிறத்தில், அழகென்று சொல்ல ஒன்றுமில்லாமல் திறந்துகொண்டே வந்தது. சிஸ்டரம்மாவின் இடுப்பு விட்டுப்போயிற்று. சுரண்டி ஒரு தடவைகூட நிமிரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வேலை முடிந்தது. வெயில் ஏறி, சுவர் வெளுத்து உலர்ந்தது. சுரண்டி தண்ணீர்க் குப்பியைச் சிஸ்டரம்மாவிடம் நீட்டினாள்.

"நீங்க தெளிங்க."

சிஸ்டரம்மா கட்டில் வரும் இடத்துக்கு நேரே போய் நின்றாள். தெளித்தாள். துளிகள் சுவரில் பட்டன. அரைக் கணம் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கறுத்து, விளிம்பு விரிந்து, உள்ளே போயின. இன்னொரு தடவை தெளித்தாள். சுவர் குடித்தது. நாலு நாள் நினைவில்லாமல் கிடந்த நோயாளி ஒருநாள் கரண்டித் தண்ணீரை விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குமே, அதைப் பார்த்து வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றாள். பதினாலு அடியும் தெளித்தாள். பதினாலு அடியும் குடித்தது. கல்லுக்கு இவ்வளவு தாகம் இருக்கும் என்று அவளுக்கு அறுபத்திரண்டு வருடம் தெரியாமல் போயிருக்கிறது.

"போதும், போதும்" என்றாள் சுரண்டி. "அப்புறம் அது காய நேரம் பிடிக்கும்."

மதியம் முதல் பூச்சு, மறுநாள் காலை இரண்டாவது. தவிட்டு நிறச் சுவர் கறுத்து மினுங்கியது. தாரில் கல் குத்தாமலிருக்க அட்டை வைத்தார்கள். சாயங்காலம் மேஸ்திரி காலையும் கையையும் பிடித்து வரவழைத்த இயந்திரம் வந்தது. மண் முழங்கால் ஏறி, இடுப்பு ஏறி, தோள் ஏறி, சுவரை விழுங்கியது. அரைமணி நேரத்தில் அங்கே சுவர் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

சுரண்டி ஷூவைக் கழற்றிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பாடுபட்ட. இனி ஒருத்தரும் பாக்கப்போறதில்ல. வருத்தமா இல்லையா உனக்கு?"

"பாத்தாத்தான் வருத்தம் சிஸ்டரம்மா. என் வேலைய யாராவது தோண்டிப் பாக்குறாங்கன்னா வீடு ஒழுகுதுன்னு அர்த்தம்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவள் கைபட்ட எத்தனை சுவர்கள் இந்த ஊரில் மண்ணுக்கடியில் நிற்கின்றன, அவற்றை ஒட்டி எத்தனை பேர் உலர்ந்த படுக்கையில் புரண்டு படுக்கிறார்கள் என்று சிஸ்டரம்மா எண்ணிப் பார்க்க முயன்றாள். எண்ண முடியவில்லை.

குடி வந்த இரண்டாம் மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஏழு நாள் விடாமல் பெய்தது. மேட்டிலிருந்து சிவப்புத் தண்ணீர் தெருவில் ஆறாக ஓடியது. சிஸ்டரம்மா தம்பியின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டி வைத்திருந்தாள். ஈரம் வந்தால் தாளுக்குள் வியர்க்கும் என்று சுரண்டி சொல்லிப் போயிருந்தாள். ஏழாம் நாள் காலை தாளைப் பிரித்தாள். உள்பக்கம் மொரமொரவென்று காய்ந்திருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு இன்னொரு இடத்தில். பிறகு இன்னொரு இடத்தில்.

"எத்தனை தடவ தடவுவ அந்தச் சுவரை?" என்றான் தம்பி. "எனக்குத்தான் நெஞ்சு நோவு. அதுக்கில்ல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். நடுவில் இழுப்பு வரவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

சுரண்டிக்குப் போன் போட்டாள். "காஞ்சு கிடக்கு" என்றாள், எடுத்த எடுப்பில்.

"எத்தனை நாள் மழை?"

"ஏழு."

"மழைக்காலம் முடியட்டும். அப்புறம் சொல்லுங்க."

சுரண்டியின் குரலுக்குப் பின்னால் டக், டக் என்று ஒரு சத்தம். சற்றுத் தள்ளி இன்னொன்று, வேறு சுருதியில்.

"அது என்ன சத்தம்?"

"எங்க வீட்டுக் கச்சேரி. இன்னிக்கு நாலு பாத்திரம்." பாத்திரம் நகர்த்தும் ஓசை கேட்டது. "வைக்கிறேன் சிஸ்டரம்மா. ஒண்ணு ரொம்பிடுச்சு."

போனை வைத்த பிறகும் சிஸ்டரம்மா சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. வெளியே, உள்ளங்கைக்கு நேரே, ஒரு மேட்டின் தண்ணீர் முழுவதும் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான்கு பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருத்தி செய்த வேலை அது.

"மேஸ்திரி நம்பர் எங்க வச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

"எதுக்கு? இந்தச் சுவருக்கு என்ன?"

"இதுக்கு ஒண்ணுமில்ல. மூணு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டித் தருவாரான்னு கேக்கணும்."

தம்பி சிரித்தான். சிரித்து முடித்தும் அவனுக்கு இருமல் வரவில்லை.